கொல்லிமலையில் ஐடிலிங் நடுக்கம்: ஓர் ஆய்வு

ஆக்சிலேட்டரில் கால் படாமல் கார் நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடாமல் குலுங்குவது ஐடிலிங் நடுக்கம் எனப்படும். நிமிடத்துக்கு 700 முதல் 900 வரை இருக்க வேண்டிய சுற்று ஏறி இறங்கும். சில வண்டிகள் அணைந்தே போகும். இத்துறை ஆய்வுக்குக் கொல்லிமலை உகந்த களம். காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இரைச்சலோடு ஏறும் வண்டி நோயை மறைத்துவிடும். சோளக்காட்டில் டீ குடிக்க நிறுத்தியதும் குட்டு வெளிப்படும்.

காரணம் பற்றி மூன்று மதங்கள் உண்டு. பின் சீட்டில் இருப்போர் நீர்வாதிகள்: பங்க்கில் பெட்ரோலோடு தண்ணீர் கலந்துவிட்டது என்பர். ஆதாரம் கேட்கும் வழக்கம் இம்மதத்தில் இல்லை. அவ்வளவு தண்ணீர் இருந்திருந்தால் வண்டி பாதி மலையிலேயே திணறியிருக்கும்.

தீவாதிகள் பிளக்கையும் காயிலையும் சந்தேகிப்பர். இவர்களிடம் முறை இருக்கிறது. ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டவேண்டும். எதைக் கழற்றியும் நடுக்கம் கூடவில்லையோ, அந்த சிலிண்டர் ஏற்கெனவே ஓய்வில் இருக்கிறது. அதன் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றும்போது கோளாறும் கூடவே போனால் காயில்தான் குற்றவாளி. மூன்று சிலிண்டர் வண்டி பிறவியிலேயே சற்றுக் குலுங்கும். அதற்கு வைத்தியம் வீண்.

மலையில் காற்றுவாதிகளுக்கே செல்வாக்கு. 1000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசிடர் இதை அறியாது. சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். புகை கறுத்து, பிளக்கில் கரி ஏறும். மேலே ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்தால் நாமக்கல் போனதும் மறுபடி நடுங்கும். ஆகவே உரிய சிகிச்சை, ஒன்றும் செய்யாமல் மலையிறங்குவது. இன்ஜெக்ஷன் வண்டிகள் அழுத்தத்தை அளந்து தாமே திருத்திக்கொள்ளும். அவற்றில் வெடித்த வேக்கம் ஹோஸையும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியையும் முதலில் பார்க்கவேண்டும். ஹோஸ் விரிசல் 'உஸ்' என்று தானே காட்டிக்கொடுக்கும். கரியைத் துடைத்தபின் ஐடிலிங் படிய வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் அவகாசம் தேவை.

இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு கூறும். பிளக், காயில், ஃபில்டர், பம்ப், சென்சார் ஐந்தையும் ஒரே பில்லில் வீழ்த்தும் மெக்கானிக்குகளும் உளர். வில்வித்தையில் அது பெருமை. பழுதுபார்ப்பில், தவறு எதனுடையது என்பது கடைசிவரை தெரியாது.

சுற்று சீராக இருந்தும் ஸ்டியரிங் அதிர்ந்தால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். இதில் மூன்று மதத்தாருக்கும் வேலையில்லை. ரப்பரை மாற்றினால் போதும்.