378-வது பிரிவு, சமையலறைக் கிளை

மெக்காலே பிரபு என்றால் நமக்குப் பள்ளிக்கூடமும் குமாஸ்தா உத்தியோகமும்தான் ஞாபகத்துக்கு வரும். அவர் தலைமையில் வரையப்பட்டு, 1860-இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தைப் புரட்டினால் அவருக்குள் ஒரு சிறுகதை ஆசிரியர் இருந்தது தெரியும். திருட்டைப் பற்றிய 378-வது பிரிவில் வரிசையாக உதாரணக் கதைகள். எல்லாவற்றிலும் கதாநாயகன் 'ஏ'. பறிகொடுக்கிற பாவப்பட்ட ஜீவன் 'இசட்'.

ஏ தன் சட்டைப்பையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு நடக்கிறார். கெட்ட எண்ணத்தோடு நடந்தால், இசட்டின் நாய் அவர் பின்னால் வரத் தொடங்கியதுமே திருட்டு. இசட் இல்லாத நேரத்தில், படித்துவிட்டுத் தரலாம் என்று அவருடைய புத்தகத்தை எடுத்துப் போகிறார். சிநேகிதர்தானே, ஒன்றும் சொல்லமாட்டார் என்று நம்பி எடுத்தால் திருட்டில்லை. (இந்த ஒரு கதையை நம்பித்தான் என் அலமாரியில் பாதி காலியாக இருக்கிறது.) தர்மம் கேட்டு வந்த ஏ-வுக்கு இசட்டின் மனைவி, புருஷனுடைய காசு, சாப்பாடு, துணிமணி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கிறாள். அதை வாங்கிக்கொண்டதும் திருட்டில்லை. அந்த அம்மாளுக்கு அதற்கு அதிகாரம் உண்டு என்று ஏ நினைத்திருக்கலாம் அல்லவா?

மெக்காலே கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர். அந்த அதிகாரத்தைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

என் அப்பா ஆபீசில் கேஷ் பார்த்தவர். ஐந்து பைசா உதைத்தாலும் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து டேலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆணியில் தொங்கிய அவருடைய சட்டைப்பை மட்டும் ஒருநாளும் டேலி ஆனதில்லை. அவர் குளிக்கப் போனதும் அம்மா சட்டையைத் துவைக்க எடுப்பாள். சோப்புக்கு முன்னால் விரல் போகும். நூறு ரூபாய் நோட்டைத் தொடமாட்டாள், அதற்கென்று ஒரு தர்மம் இருந்தது. பத்து, இருபது, சில்லறை. அவை கடுகு டப்பாவில் இளைப்பாறி, பிறகு பெருங்காய டப்பாவுக்குப் பதவி உயர்வு பெறும். சிறுவாடு என்று ஊரில் சொல்வார்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் நேரத்தில் அப்பா தாடையைச் சொறிந்துகொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட வேணா கேட்டுப் பாக்கறேன்" என்று அம்மா கொல்லைப்பக்கமாகப் போவாள். ஐந்து நிமிஷத்தில் பணத்தோடு வருவாள். பக்கத்து வீட்டு அக்காவின் பணத்தில் எப்போதும் எங்கள் வீட்டுப் பெருங்காய வாசனை அடிக்கும்.

"வட்டி கிட்டி கேட்டாங்களா?" என்பார் அப்பா.

"கேக்கல. நீங்களாப் பாத்துக் குடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறாங்க?"

அவரும் பார்த்துக் கொடுப்பார். தன் பணத்துக்குத் தானே வட்டி கட்டிய கேஷியர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். பேங்க் திறந்த 10-ஆம் தேதி காலையில் அம்மா அரிசி டிரம்முக்குள் கையை முழங்கைவரை விட்டு, சில்லறையை மாற்றிச் சேர்த்திருந்த பெரிய நோட்டுகளைத் தூசு தட்டி எடுத்து வைத்தாள். நாடு முழுக்க எத்தனையோ அடுக்களைகளில் அன்றைக்கு இதே காட்சிதான். அப்பா விரலை எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார்.

"உன் பக்கத்து வீட்டு அக்கா நல்ல வசதிதான் போல."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பேங்க் வரிசையில் நிற்கப் போய்விட்டார்.

ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு இந்த நாசூக்கு போதாது. மெல்போர்னில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் 70 டீஸ்பூன்களுக்கு ரகசியமாக நம்பர் போட்டு, ஐந்து மாதம் கண்காணித்தார்கள். 56 ஸ்பூன் மாயம். 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரையாகவே வந்துவிட்டது. நாம் பாத்திரக் கடையிலேயே புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டி வாங்குகிற ஜாதி. அப்படியும் என் வீட்டு அலமாரியில் முன்பின் தெரியாத மூன்று பேருடைய பேரில் டப்பாக்கள் இருக்கின்றன. கேட்டால், "அது கொழுக்கட்டை வந்த டப்பாங்க" என்கிறாள் மனைவி. கொழுக்கட்டை வந்த வருஷத்தைக் கேட்கக் கூடாது.

எங்கள் தெருவில் விடிகாலை ஐந்தரைக்கு வாக்கிங் போகிற பெரியவர்கள் கையில் கொக்கி வைத்த கைத்தடியும் பாலிதீன் பையும் இருக்கும். காம்பவுண்டுக்கு வெளியே தலைநீட்டிய செம்பருத்தி, நந்தியாவட்டை எதுவும் தப்பாது. "சாமிக்குத்தானே சார்" என்று ஆண்டவனையே இரண்டாம் குற்றவாளியாகச் சேர்த்துவிடுவார்கள். ஆண்டவனும் சும்மா இல்லை. திருடிக் கொண்டுவந்து வைத்த பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகம் என்று நம்புகிற ஊர் இது. மணி பிளான்ட்டும் திருடி நட்டால்தான் தழைக்குமாம்.

வெளித் திருடர்களும் இப்போது குடும்ப மனிதர்களாகிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் உசிலம்பட்டியில் இயக்குநர் மணிகண்டன் வீட்டில் கொள்ளை. 'கடைசி விவசாயி' படத்துக்குக் கிடைத்த தேசிய விருதுப் பதக்கமும் போய்விட்டது. சில நாளில் பதக்கம் மட்டும் ஒரு பாலிதீன் பையில் வாசலுக்கு வந்தது, கூடவே மன்னிப்புக் கடிதம். உங்கள் உழைப்பு உங்களுக்கே என்கிற பாவனையில். பணம், நகை விஷயத்தில் அந்தப் பாவனை இல்லை. அதே ஆண்டில், தூத்துக்குடி மாவட்டம் மெய்ஞ்ஞானபுரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் திருடியவர், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, மன்னிக்கவும், ஒரு மாதத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். வாத்தியார் வீடு என்பதால் லீவ் லெட்டர் மாதிரியே எழுதிவிட்டார் போலிருக்கிறது.

அந்த ஆண்டு ஜூலை முதல் தேதிதான் மெக்காலேயின் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் 303-வது பிரிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதல் தடவையாகத் தண்டிக்கப்படுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் ஜெயில் இல்லை, சமூக சேவைதான்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி அதிரச டப்பா பாதியாகிவிட்ட வழக்கில் இதை அமல்படுத்திப் பார்த்தேன். சின்ன வெங்காயம் ஒரு கிலோ உரிப்பதுதான் சேவை என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். பொருளைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று பையன் சட்டச் சிக்கல் எழுப்பினான். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். முதல் தடவை என்று யாரை நிறுத்துவது? மாமனார் உட்பட எங்கள் வீட்டில் அந்தச் சலுகைக்குத் தகுதியான ஆளே இல்லை.