விடாப்பிடிக்கு ஒரு வாழ்த்து

கொழும்பு முகத்துவாரத்துப் பழைய வீடுகளின் குழாய்ப் பிடியே, உன் விசுவாசம் வாழ்க! வாடகைக்கு வந்தவர்கள் மாறினார்கள், சுவரின் நிறம் மாறியது; நீ மட்டும் பற்றிய தண்டை விடவில்லை. உள்ளே வாசர் தேய்ந்து நீர் சொட்டியபோதும் விடவில்லை. அதை மாற்ற வந்த பைப் பாஸ் ஸ்குறூவைக் கழற்றிய பிறகும் விடவில்லை.

உன் ஈகையும் பெரிது. செக்கனுக்கு ஒரு சொட்டு என்று இரவு பகலாகக் கொடுக்கிறாய். 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர் என்று வைத்தாலும் நாளுக்கு 4 லீற்றருக்கு மேல் ஆகிறது. கொழும்புக்கு 1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் வந்தது; இன்று பெரும்பங்கு களனி ஆற்றில், அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது. வறட்சியில் கடலுப்பு ஆற்றில் மேலேறி வர, அங்கே தடுப்புப் போட்டு நீரைக் காக்கிறார்கள். அப்படிக் காத்த நீருக்காகத் தோட்டத்துப் பொதுக் குழாயடியில் பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்க, நீ வடிகானுக்கு வாரி வழங்குகிறாய். உன்னைப் போல் வள்ளல் யார்?

நட்பைத் தேர்வதில் உனக்கு நிகரில்லை. யாழ்ப்பாணத்துக் குழாய்களில் ஒட்டுவது சுண்ணாம்பு. வினாகிரியில் ஊறவைத்தால் கரைந்துவிடும். களனி நீரில் சுண்ணாம்பு குறைவு. ஆகவே நீ கடற்காற்றின் உப்பைத் தோழமை கொண்டாய். உன் உடல் துத்தநாகக் கலவை, தண்டு பித்தளை. உப்பீரம் படிந்தால் இரண்டுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு தொடங்கும், தேய்வது துத்தநாகம்தான். தண்டைக் காத்து நீயே அரிபட்டு, அந்த வெண்பொடியாலேயே தண்டின் பற்களுக்கும் உனக்குமான இடைவெளியை அடைத்துக்கொள்கிறாய். வெளியே குறோம் பூச்சு பளபளக்க, உள்ளே இத்தனை தியாகமும் மறைவாக நடக்கிறது.

கடைத்தெருவும் உன்னை வாழ்த்தும். பொறுமையற்றவர் ஸ்குறூ ட்ரைவரை ஒரு பக்கம் கொடுத்து நெம்பினால் தண்டை வளைத்துக் காட்டுகிறாய். சுத்தியலை ஓங்கினால் பேசினில் கீறல் விழ வைக்கிறாய். ஒரு வாசரோடு முடிய வேண்டிய செலவைப் புதுக் குழாய், புதுப் பேசின் வரை உயர்த்தும் ஆற்றல் உன்னிடம் உண்டு.

ஆனால் முறையறிந்தவர் முன் நீ பணிவாய். அவர் முதலில் மெயின் வால்வை மூடி, மீதி நீரை வடியவிட்டு, பேசின் துவாரத்தைத் துணியால் அடைப்பார். மேல் மூடியைக் கத்தி நுனியால் கிளப்பி, ஸ்குறூவை எடுப்பார். துரு இளக்கும் எண்ணெயைத் தண்டோரம் விட்டு இரவு முழுக்க ஊறவிடுவார். காலையில் துணியைக் கொதிநீரில் நனைத்து உன்மேல் சுற்றுவார். பித்தளையைவிடத் துத்தநாகம் அதிகம் விரிவதால் உன் பிடி தளரும். நீ பிளாஸ்டிக் பிடியாக இருந்தால் வெடித்துவிடுவாய் என்று சூட்டைத் தவிர்ப்பார். அதற்கும் அசையாவிட்டால், நடுத்தண்டை அழுத்திக்கொண்டே இருபுறமும் நேராக மேலிழுக்கும் திருகுக் கருவியைப் பூட்டுவார். இத்தனை மரியாதையும் கிடைத்தால்தான் எழுந்திருப்பாய். அரசர்க்கும் இவ்வளவு உபசாரம் நடந்திருக்காது.

இந்தப் புகழை நீ தனியே வைத்துக்கொள்வது நியாயமில்லை. எங்களுக்கும் பங்கு உண்டு. சொட்டத் தொடங்கிய அன்று வாசரை மாற்றாமல், இன்னும் இறுக்கித் திருகி அதை நசுக்கினோமே, அந்தக் கைவன்மை எங்களுடையது. பூட்டும்போது பற்களில் துளி கிறீஸ் தடவாத சிக்கனமும் எங்களுடையது. நீர் சொட்டும் ஓசையைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கிய மனஉறுதியோ உன்னுடையதையும் மிஞ்சியது. எத்தனை வருடமானாலும் உன்னைத் தொந்தரவு செய்யாமல் விட்ட பெருந்தன்மையால்தான் நீ இவ்வளவு உறுதியாக வளர்ந்தாய்.

இனி அந்தப் பெருந்தன்மையைக் குறைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒருமுறை உன்னைக் கழற்றி, உப்பைத் துடைத்து, பற்களில் கிறீஸ் தடவி மறுபடி பூட்டுவோம். உன் புகழ் மங்கும், தண்ணீர் மிஞ்சும்.