செல்லப்பெயர் இலக்கணம்: பெண்மகவுப் பெயரீடு குறித்த ஓர் ஆய்வு

பெண்குழந்தை ஒன்றுக்கு இவ்வுலகில் முதலில் கிடைக்கும் அதிகாரபூர்வமான பெயர் 'பேபி ஆஃப்' என்று தொடங்குகிறது. பிரசவ வார்டில் கையில் கட்டிவிடும் பட்டையில் அப்படித்தான் எழுதியிருக்கும். அதன் பின்னால் அம்மாவின் பெயர். இது பெயராகாது, வெறும் அடையாளச் சீட்டுதான் என்று வாதிடுவோர் உண்டு. எனினும் பதிவேட்டுப் பெயர் முடிவாகும்வரை தடுப்பூசி அட்டை முதல் மருந்துக் கடைச் சீட்டு வரை இதுவே ஆட்சி செலுத்துகிறது. இந்த இடைக்காலத்தில்தான் ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிய ஒரு நிகழ்வு நடந்தேறுகிறது. பெற்றோர் பெயர்ப் பட்டியலில் மூழ்கியிருக்க, வீட்டில் யாரோ ஒருவர் குழந்தையைப் பார்த்து எதையோ சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறார். அந்தக் குழந்தை அறுபது வயதிலும் அந்த எதையோவுக்குத்தான் திரும்பிப் பார்க்கப்போகிறது.

செல்லப்பெயர் செல்லத்தில் பிறந்தது என்பது பொதுவான நம்பிக்கை. எமது ஆய்வு இதை மறுக்கிறது. அது மாமியார் பயத்தில் பிறந்தது. மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரை வைப்பது பல குடும்பங்களின் வழக்கம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது இன்னொரு வழக்கம். இரண்டும் ஒரே கூரையின்கீழ் சந்தித்தால் என்ன ஆகும்? "அடி காமாட்சி, சோத்தைத் துப்புனே, முதுகுல ஒண்ணு வைப்பேன்" என்று தாயானவள் சொல்ல முடியாது. அசல் காமாட்சி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். ஆகவே குழந்தை காமுவாயிற்று, பாப்பாவாயிற்று, குட்டியம்மாவாயிற்று. திட்டுவதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, அதுதான் சங்கதி.

இனி உருபனியல். நீண்ட பெயரின் தலையை எடுத்துக்கொண்டு உகரத்தையோ இகரத்தையோ ஒட்டினால் செல்லப்பெயர் தயார்: காமாட்சி காமு, மீனாட்சி மீனு, விஜயலட்சுமி விஜி, ராஜேஸ்வரி ராஜி. விதி எளிது. ஆனால் திரும்பி வர வழி கிடையாது. ராஜி என்பவர் ராஜேஸ்வரியா, ராஜலட்சுமியா, ராஜகுமாரியா என்பதை நாற்பது வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவர்களும் அறியார். கல்யாணப் பத்திரிகை கைக்கு வரும்போதுதான் உண்மை வெளிப்படும். சுப்புலட்சுமியைச் சுப்பு என்று சுருக்கினால் தபால்காரர் ஆண்பிள்ளையைத் தேடுவார். அம்மு, பொம்மி, பட்டு, தங்கம் என்பவை வேறு இனம். எந்தப் பெயரிலிருந்தும் இவை பிறப்பதில்லை, எந்தப் பெயருக்கும் பொருந்தும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நின்று "அம்மு" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தால் இவ்வினத்தின் பரவல் தெளிவாகும்.

எந்தப் பெயர் வெல்லும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. காஞ்சிபுரத்தில் 1919-இல் பிறந்த ஒரு குழந்தைக்கு அலமேலு என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் பட்டா என்றார்கள். வென்றது வீடு. டி. கே. பட்டம்மாள் என்றுதான் கச்சேரி மேடைக்குத் தெரியும். மதுரையில் 1916-இல் பிறந்த இன்னொரு குழந்தை வீட்டில் குஞ்சம்மா. அங்கே பதிவேடு வென்று எம். எஸ். சுப்புலட்சுமி ஆயிற்று. மூன்றாவது எடுத்துக்காட்டு தனி ரகம். ஜெயலலிதா வீட்டுக்கு அம்மு. பின்னாளில் நாட்டுக்கு அம்மா. ஓர் உகரத்தை ஆகாரமாக்க எத்தனை தேர்தல்கள் தேவைப்பட்டன என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. போதாததற்கு, எண்கணிதம் பார்த்து 2001-இல் தம் பெயரின் ஆங்கில எழுத்துகளோடு கடைசியில் ஓர் 'ஏ' சேர்த்துக்கொண்டார் அவர். செல்லப்பெயருக்கு எண்கணிதம் பார்த்தவர் இதுவரை எவருமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

இன்றைய பெற்றோரின் இடர் வேறு. பஞ்சாங்கம் முதல் எழுத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. ஹஸ்த நட்சத்திரம் என்றால் பு, ஷ, ண, ட என்று சில பட்டியல்கள் சொல்லும். ணகரமும் டகரமும் தமிழில் மொழிக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பியம் அடைத்த கதவு. அந்தக் கதவடியில் கைக்குழந்தையோடு நிற்கிறது ஒரு குடும்பம். பு பழசு என்று தள்ளிவிட்டு ஷகரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், முதலில் இல்லாவிட்டால் நடுவிலாவது வைத்துவிடுகிறார்கள். ஒரே தெருவில் ஹர்ஷிகா, தர்ஷிகா, வர்ஷிகா விளைவது இவ்வாறே. செல்லமாகச் சுருக்கினால் ஹர்ஷு, தர்ஷு, வர்ஷு. மூவரில் யாரைக் கூப்பிட்டாலும் மூவரும் வருவார்கள். வடமொழி வேண்டாம் என்போர் யாழினி, மகிழினி, தமிழினி என்று இன்னொரு வரிசையில் நிற்கிறார்கள். அங்கும் வகுப்பாசிரியருக்கு அதே தலைவலி.

பெயர் சூட்டும் சடங்கில் யாம் நேரில் கண்டது. தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் தாய்மாமன் விரலால் பெயரை எழுதுகிறார். இடம் போதாமல் கடைசி எழுத்து விளிம்பில் ஏறி நிற்கிறது. அத்தை குனிந்து குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லவேண்டும். குனிந்தவர் நிமிர்ந்து, "ஏண்டா தம்பி, ஷாவா ஸாவா?" என்கிறார். தம்பி செல்பேசியைத் தடவி எழுத்தைக் காட்டுகிறார். முதல் முறை ஒரு மாதிரி, இரண்டாம் முறை வேறு மாதிரி, மூன்றாம் முறை முணுமுணுப்பு. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்ததும் பாட்டி வாங்கி மடியில் போட்டுக்கொண்டு "என் பட்டுக்குட்டி" என்றார். சபையின் முன்னிலையில் வைத்த பெயரின் ஆயுள் பந்தி போடும்வரை கூட நீடிக்கவில்லை.

எனவே பெயரைச் சோதிக்க அறிவியல் முறை ஒன்று தேவை. அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே உண்டு. ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்பது மட்டுமே அதன் கவலை. இகரம் ஈகாரமாகும், ஐகாரம் ஆய் ஆகும். கிட்டத்தில் இருப்பவரைப் பெயர் திரியாமல் அழைக்கலாம், எட்டத்தில் இருப்பவருக்கு ஓசையை நீட்டவேண்டும். தெருக்கோடியில் பாண்டி ஆடும் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிடும் தாயை மனத்தில் வைத்தே இந்த இயல் எழுதப்பட்டது என்பது எமது துணிபு. வள்ளி என்று வைத்தால் "வள்ளீஈஈ" என்று மூச்சு உள்ளவரை இழுக்கலாம். நிலா, ஓவியா இரண்டும் பிறக்கும்போதே நெடிலோடு பிறந்தவை. ஆனால் தமிழ் என்று வைத்தவர் மாடியில் நின்று ழகரத்தை இழுத்துப் பார்க்கட்டும். பக்கத்து வீட்டார் கொதிக்கும் குக்கரைத் தேடுவார்கள். நட்சத்திரா, ஐஸ்வர்யலட்சுமி போன்றவை கூப்பிட்டு முடிவதற்குள் பிள்ளை அடுத்த தெருவுக்குப் போய்விடும் தன்மையன.

ஒரு வகையை மட்டும் சிரிக்காமல் குறிப்பிட வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்றும் போதும்பொண்ணு என்றும் பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள பெண்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பி வைத்த பெயர்கள் அவை. அந்தப் பெண்களுக்குச் செல்லப்பெயர் அலங்காரமன்று. தோழிகள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம். பதிவேட்டில் உள்ளதை மாற்ற அரசிதழில் பணம் கட்டி அறிவிக்க வேண்டும். தோழிகளுக்கு அந்தச் செலவில்லை.

இரு பெயர்களும் கடைசியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. சுவரொட்டிகளில், பத்திரப் பதிவில், நீதிமன்றத் தாள்களில் பெயரின் நடுவே நிற்கும் (எ) என்ற குறியீடே அது. ராஜராஜேஸ்வரி (எ) பாப்பா. இடப்பக்கம் பெற்றோர் பாடுபட்டுத் தேர்ந்தது, வலப்பக்கம் ஊருக்குத் தெரிந்தது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் வலப்பக்கத்தை விட்டுவிட்டால் துக்கத்துக்கு ஆள் வராது. இடப்பக்கத்தை விட்டால் வாரிசுச் சான்றிதழ் வராது.

ஆய்வின் முடிபு: முதலில் கூப்பிடும் பெயரைத் தேர்ந்துகொண்டு, அதையே பதிவேட்டிலும் எழுதிவிடுக. இரண்டு அசை, கடைசியில் இகரமோ ஆகாரமோ, பாட்டியின் வாயில் நுழையவேண்டும், இவ்வளவே தகுதி. அவசரமும் வேண்டியதில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். ஆனால் பெயர்க் கட்டம் காலியாக இருக்கலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை இடமுண்டு. பள்ளியில் சேர்க்க அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். அதற்குள் முடிவு செய்துவிடுங்கள்.