டீக்கடைக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது

புராஸ்டேட் புத்துநோய்க்கு ரத்தத்துல பார்க்கிற பி.எஸ்.ஏ. அளவு 0.4-லேர்ந்து 0.9 ஆயிடுச்சாமே மாப்ளே! புவனகிரி கடைத்தெருவே துக்கம் விசாரிக்குது. உங்க டாக்டருக்கு மட்டும் சேதி போகலையாம். சிதம்பர ரகசியத்தையே திரையை விலக்கிக் காட்டிடுறாங்க. நீங்க ரிசல்ட்டை பீரோவுல பூட்டி வச்சிருக்கீங்க.

புராஸ்டேட்டை அறுத்து எடுத்தவனுக்குத்தான் அந்தக் கணக்கு பூஜ்யத்தை ஒட்டிப் போகணும். உங்களுக்கு வச்சது கரண்டு, அதான் கதிர்வீச்சு. சுரப்பி உள்ளேயேதான் கிடக்கு. அளவு மெதுவாத்தான் இறங்கும். ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகும். நடுவுல சிலருக்கு ஒரு துள்ளு துள்ளிட்டுத் தானா அடங்கும். ஹார்மோன் ஊசியை நிறுத்தினவனுக்கும் கொஞ்சம் ஏறும். இது அடங்குற ஏத்தமா, அடங்காத ஏத்தமான்னு ஒரே ஒரு ரிசல்ட்டை வச்சு பிரம்மாவாலயும் சொல்ல முடியாது. 2005-ல அமெரிக்காவுல பீனிக்ஸ்ங்கிற ஊர்ல டாக்டருங்க கூடி ஒரு கோடு போட்டாங்க. அவனவனுக்கு எது வரைக்கும் இறங்கிச்சோ, அதுக்கு மேல 2 கூடினா நோய் திரும்புதுன்னு எடுத்துக்கலாம்னு. உங்களுக்கு இறங்கினது 0.4 வரைக்கும், அப்போ உங்க கணக்குக்கு 2.4. நீங்க 0.9-லயே கருமாதிப் பத்திரிகைக்கு ஆள் தேடுறீங்க! அதுக்காக 2.4 வர்ற வரைக்கும் குறட்டை விடலாம்னு நான் சொல்லல. முதல் அஞ்சு வருஷம் ஆறு மாசத்துக்கு ஒரு தரமாவது, இல்ல டாக்டர் சொன்ன கெடுவுல, ரத்தம் கொடுத்தே ஆகணும்.

அதையும் ஒரே லேபுல கொடுங்க. ஒரு தரம் மஞ்சக்குப்பம், மறு தரம் மேல வீதி, ஆடித் தள்ளுபடின்னு நோட்டீஸ் வந்தா நெய்வேலின்னு அலைஞ்சா, மிஷினுக்கு மிஷின் கணக்கு மாறும். ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல் இருந்தா முதல்ல அதைச் சொல்லுங்க, அதுவே அளவை ஏத்தும். ரத்தம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் சைக்கிளைத் தொடாதீங்க. ரெண்டு ராத்திரி திண்ணையில படுங்க. காரணத்தை என் வாயால சொல்ல மாட்டேன், அவ என் தங்கச்சி.

டாக்டர் முன்னாடி உக்காந்ததும் ‘நல்லா இருக்கேன் சார்’. வெளிய வந்து டீக்கடையில ‘பின்னால ரத்தம் போவுதுப்பா’. டீ ஆத்துறவன் என்ன பண்ணுவான்? சுவத்துல ஒட்டியிருக்கிற மூலம், பௌத்திரம் போஸ்டரைக் காட்டுவான். மூலம்தான்னு நீங்களா முடிவு கட்டாதீங்கய்யா! கரண்டு வச்ச இடம் மலக்குடலை ஒட்டி. முடிச்சு ஒரு வருஷம் கழிச்சுக்கூட ரத்தம் வரும். குழாய் விட்டுப் பார்க்கிறவங்ககிட்ட கரண்டு வச்ச கதையை முதல்ல அவிழ்த்துடுங்க. தெரியாம முன்பக்கச் சதையைக் கிள்ளி எடுத்தா ஆறாத புண்ணாகிப் போகலாம்.

ஜிப்மர் போறதோ, அண்ணாமலைநகர் போறதோ உங்க இஷ்டம். (ராஜா முத்தையா ஆஸ்பத்திரி அரசாங்கத்துக்கிட்ட வந்து கடலூர் பேரைப் போட்டுக்கிச்சு, இருக்கிறது என்னவோ சிதம்பரத்துலதான்.) பெரியாஸ்பத்திரியில தரத்துக்கு ஒரு புதுப் புள்ள உக்காந்திருக்கும். எத்தனை தரம் கரண்டு வச்சாங்க, ஊசி எப்ப நிறுத்தினாங்க, பி.எஸ்.ஏ. எது வரைக்கும் இறங்கிச்சு, எல்லாத்தையும் ஒரே தாள்ல தேதி போட்டு எழுதி நீட்டுங்க. அதுங்களும் நிமிர்ந்து பார்த்துப் பேசும்.

போறப்ப தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுப் போங்க. ராத்திரி எத்தனை தரம் எழுந்திரிக்கிறீங்கன்னு டாக்டர் கேக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுவா. எனக்கே சொல்லிட்டாளே!