கீற்றுக் கொட்டகைப் புராணம்

புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கமோ பாகூர்ப் பக்கமோ ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் வெள்ளிவிழா மலர் கைக்குக் கிடைத்தால் நீங்கள் பிரிக்கவே வேண்டாம், உள்ளே இருப்பதை நான் சொல்லிவிடுகிறேன். பேராயர் ஆசியுரை. அமைச்சர் வாழ்த்து. எம்.எல்.ஏ. வாழ்த்து, பேரப்பிள்ளைக்கு சீட்டு கிடைத்த நன்றி அதில் வரிக்கு வரி வழியும். நகைக்கடை விளம்பரம் இரண்டு, மனைப்பிரிவு விளம்பரம் நான்கு, 'கான்வென்ட்டுக்கு நடந்தே போகலாம்' என்ற உத்தரவாதத்தோடு. அதற்கப்புறம் தலபுராணம்: ஆதியிலே ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது.

பாதர் சைக்கிளில் வந்தார். எந்த மலரை எடுத்தாலும் சைக்கிள்தான். ஒரு நிறுவனராவது பஸ்ஸில் வந்ததாக எழுதத் துணிய மாட்டார்கள். மழைக்குக் கொட்டகை ஒழுகியது. பிள்ளைகள் மண் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். ஆண்டவர் ஆசீர்வதித்தார். கீற்று ஓடாகி, ஓடு கான்கிரீட்டாகி, கான்கிரீட் மூன்று மாடியாகியது. நர்சரி ஐந்தாம் வகுப்புவரை வளர்ந்தது, ஐந்து எட்டாகி, எட்டு ஹைஸ்கூலாகி, பிறகு ப்ளஸ் டூவும் வந்தது. இன்று வாசலில் ஒரு ஆர்ச், ஆர்ச்சின் உச்சியில் சேசு, சேசுவின் காலடியில் சிசிடிவி கேமரா.

மலரில் ஒன்று மட்டும் விட்டுப்போகும். அன்றைக்குச் சாக்கில் உட்கார்ந்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? பெரும்பாலும் காலனிப் பிள்ளைகள். கொட்டகைக்கு மூங்கில் நட்டவன், கீற்று முடைந்தவள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சும்மாட்டைக் கட்டிக்கொண்டு செங்கல் சுமந்தவள், இவர்களுடைய பிள்ளைகள். கூலி கேட்கவில்லை, 'நம்ம பள்ளிக்கூடம்' என்று நினைத்தார்கள், பாவம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதே பள்ளியின் மதிலோரம் நிற்கிறார்கள், அரசுப் பள்ளிக்குப் போகும் பஸ்ஸுக்காக. பள்ளியின் மஞ்சள் வேன் பத்து ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவர்கள் மேல் புழுதியை இறைத்துவிட்டு உள்ளே போகிறது.

பாகூருக்கு இது புதிதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூர் வித்யாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி என்று மூன்று ஊர்களைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார்கள். 'அந்தக் காலத்திலேயே பாகூரில் பல்கலைக்கழகம்' என்று மேடையில் முழங்குவது நம் தலைவர்களுக்குப் பிடித்த வேலை. அந்த மூன்று ஊரில் சேற்றில் இறங்கி நாற்று நட்டவளின் மகன் வித்யாஸ்தானத்துத் திண்ணையிலாவது உட்கார்ந்திருப்பானா என்று யாரும் கேட்பதில்லை. நெல் போனது, வேதம் ஓதியவர்கள் சாப்பிட்டார்கள். ஊர் கொடுக்கும், வேறு யாரோ படிப்பார்கள். ஆயிரத்து நூறு வருஷப் பழக்கம். பாதர்மார் வந்து அதை முறித்தார்கள் என்பது அவர்கள் பெருமை. முறித்த இடத்தை அவர்களே மறுபடி ஒட்டவைத்துவிட்டார்கள் என்பது என் கோபம்.

முறித்தது உண்மை, மறைப்பதற்கில்லை. பொன்னான் ஆண்டகை காலத்தில், 1844-இல், புதுச்சேரியில் பெத்தி செமினார் பள்ளி தொடங்கியது. அதே வருஷம் துப்புயி பாதிரியார், தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கவென்றே உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு ஒரு கன்னியர் சபையை உண்டாக்கினார். பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்று இந்த நாடே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த மனுஷர்தான் மூஸ்ஸே பாதிரியாரோடு உட்கார்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதியும் செய்தார். பிரான்சில் பிறந்தவர், புதுச்சேரிப் புழுக்கத்தில் வேர்த்து வடிய, நம் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அடுக்கினார். இன்று கிராமத்து இங்கிலீஷ் மீடியத்தில், இடைவேளையில் வாய் தவறி "தண்ணி குடுடீ" என்று கேட்ட பிள்ளைக்கு ஃபைன். துப்புயி எழுந்து வந்து தமிழில் பேசினால் அவருக்கும் ஃபைன்தான். பாதிரியார் என்பதால் பாதி தள்ளுபடி கிடைக்கலாம்.

புதுச்சேரிக் கத்தோலிக்கரின் சம்பா கோயில் சுவர் கதையும் இந்த ஊர்க் கதைதான். கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745-இல் பறையர் கிறிஸ்தவர்கள் முறையிட்டு அது இடிக்கப்பட்டதையும், சாதிக்காரர்கள் குதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சுவருக்குச் செங்கல் வேண்டியிருந்தது. இப்போது ரசீதுப் புத்தகம் போதும்.

அட்மிஷன் ஜன்னலுக்கு வாருங்கள். ஏப்ரல் வெயில். கரும்பு வெட்டப் போகிற ஒரு அப்பா நிற்கிறார். சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் இரண்டு காகிதம். ஒன்று பங்குக் கோயிலில் வாங்கிய ஞானஸ்நானச் சான்று; அதில் பிள்ளை கத்தோலிக்கன். இன்னொன்று தாலுகா ஆபீஸ் சாதிச் சான்று. அதில் அதே பிள்ளை இந்து ஆதிதிராவிடன். சீட்டுக்கு முதல் காகிதம், ஸ்காலர்ஷிப்புக்கு இரண்டாவது. எந்த ஜன்னலில் எதை நீட்டுவது என்பதில் ஒரு தடவை கை தவறினால் பிள்ளையின் எதிர்காலம் போச்சு. காரணம் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதிக் குடியரசுத் தலைவர் ஆணை: கிறிஸ்தவன் ஆகிவிட்டால் பட்டியல் சாதி கிடையாது. பின்னாளில் சீக்கியரைச் சேர்த்தார்கள், பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியே. தெருவில் யாரும் அவர் சாதியை மறக்கவில்லை. சட்டம் மட்டும் மறந்துவிட்டது.

சரி, அரசு கைவிட்டது, திருச்சபை தூக்கிவிடும் என்று அவர் ஜன்னலுக்குள் குனிகிறார். உள்ளேயிருந்து கேள்வி வருகிறது: "டேர்ம் ஃபீஸ் மொத்தமா கட்டுறீங்களா, ரெண்டு தவணையா?" பில்டிங் ஃபண்டுக்குத் தனி ரசீது, சில சமயம் அதுவும் இல்லை.

தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடம் ஏழைகளுக்கு என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறதே என்று யாராவது கேட்டால், கரஸ்பாண்டென்ட் பாதர் கனிவாகச் சிரிப்பார். "நாங்க மைனாரிட்டி." உண்மைதான். அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு காவல் நிற்கிறது. 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். (மற்ற தனியார் பள்ளிகள் அந்த 25 விழுக்காட்டை வாரி இறைத்துவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. அவை சேசுவின் பெயரைச் சொல்லிக் காசு கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.)

யார் இந்தச் சிறுபான்மை? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் அதுவே சொன்ன கணக்கு: நாட்டிலுள்ள 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள். அதாவது காலனித் தலைகளை எண்ணிக் காட்டித்தான் இந்தச் சலுகையே கிடைக்கிறது. கிடைத்த சலுகையை வைத்து அந்தத் தலைகளுக்குக் கதவைச் சாத்துகிறீர்கள். இதற்குக் கல்விச் சேவை என்று ஆர்ச்சில் பெயர் எழுதியிருக்கிறீர்கள்; பெயின்ட் நல்ல பெயின்ட்தான்.

பாதர்மாரை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் அயோக்கியத்தனம். அரசுப் பள்ளி வாத்தியார் தன் பிள்ளையை எங்கே சேர்க்கிறார்? புதுச்சேரி அரசு தன் பங்குக்கு 2024-25-இல் தன் பள்ளிகளை எல்லாம் சி.பி.எஸ்.இ. ஆக்கி, தனியாரோடு போட்டி போட்டாயிற்று என்று கையைத் தட்டிக்கொண்டது. வில்லியனூரில் திருக்காமேஸ்வரர் தேரிழுத்துவிட்டு நேராக வந்து மாதா குளத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு சீட்டுக்கு சிபாரிசு கேட்கும் பெரிய மனுஷர்களுக்கு மத வேறுபாடு கிடையாது. கான்வென்ட்டில் ஏன் காலனிப் பிள்ளைகள் குறைவு என்றால் 'ஸ்டாண்டர்டு' என்பார்கள். அந்த ஸ்டாண்டர்டைத் தூக்கி நிறுத்தும் எம்.எஸ்சி., பி.எட். டீச்சரைத் தனியே கேட்டுப் பாருங்கள், சம்பளக் கவரில் என்ன வருகிறது என்று. பள்ளிக்கூட வாசலில் வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் கேளுங்கள்.

இப்போது பிரமதி தீர்ப்பே சரிதானா என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு சந்தேகம் கிளப்பி, பெரிய அமர்வுக்குப் போகட்டும் என்றிருக்கிறது. சிறுபான்மை உரிமைக்கு ஆபத்து என்று பிரசங்க மேடைகள் அலறும். கேட்டுக்கொண்டிருக்கும் காலனிக்காரன், ஆபத்து எந்த உரிமைக்கு என்று யோசிப்பான்.

வருஷா வருஷம் ஆகஸ்ட் 10 கறுப்பு நாள். 1950 ஆணையை எதிர்த்துக் கோயில் வாசல்களில் கறுப்புக் கொடி, தலித் கிறிஸ்தவருக்கு நீதி வேண்டும் என்று பாதர்மாரும் சிஸ்டர்மாரும் கோஷம். நியாயமான கோஷம், நானும் போடுவேன். காலனியிலிருந்து தப்பித் தவறிச் சேர்ந்துவிட்ட ஒரு பிள்ளையும் கறுப்பு பேட்ஜைக் குத்திக்கொண்டு கத்தும். கழற்ற மறந்து மறுநாள் அதே சட்டையோடு பள்ளிக்குப் போனால் யூனிஃபார்மில் குறை. ஃபைன் எவ்வளவு என்று ஸ்கூல் டைரியில் போட்டிருக்கிறது.