ஊட்டிக் குளிரும் உன் வீட்டு வாளியும்

பேராண்டி, வீட்டுலயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவப் போறியாமே? ரொம்பச் சந்தோசம். தீப்பெட்டித் தொழில் கத்துக்க சிவகாசியிலருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-கள்ல கல்கத்தா வரைக்கும் போனாங்க. நீ கட்டில்ல மல்லாந்து கெடந்து செல்போன்லயே கத்துக்கிட்ட. கெட்டிக்காரன்!

சர்க்காரு 1960-ல ஃபிலிம் கம்பெனி ஆரம்பிச்சப்ப விருதுநகருக்கா வந்துச்சு? தூசியில்லாத காத்தும் குளிர்ச்சியும் தேடி ஊட்டி மலை ஏறிருச்சு. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். நம்ம ஸ்டூடியோக்காரங்க மாட்டின ‘இந்து’ ரோல் அங்கருந்து வந்ததுதான். இப்ப அதையும் மூடியாச்சு. நீ சித்திரை மாசத்துல, கை வச்சாச் சுடுற மொட்டைமாடித் தொட்டித் தண்ணியில இறங்குற. டெவலப்பருக்கு 20 டிகிரிதான் கணக்கு. சூடு கூடினா நேரத்தைக் குறைக்கணும்; அஞ்சு நிமிசத்துக்குக் கீழ போனா படம் திட்டுத் திட்டா வரும்.

அதனால ஐஸ் வாங்கு. மருந்துக்குள்ள போட்டுறாத, நீர்த்துப்போகும். வாளித் தண்ணியில போட்டு, பாட்டிலை அதுல நிறுத்து. டெவலப்பர், படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ, அலசுற தண்ணி எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டுல இருக்கணும். மாத்தி மாத்தி ஊத்தினா, கோடையில கரிசக்காடு வெடிச்ச மாதிரி ஜெலட்டின் பாளம் பாளமா விட்டுரும். நீ அதையும் ‘கலை’ன்னு சொல்லிச் சமாளிச்சிருவ.

மருந்தையும் நீயே கலக்கணுமா? டி-76 டெவலப்பருக்கு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. முதல்ல ஒரு சிட்டிகை சல்ஃபைட், அப்புறம் மெட்டால், பிறகு மிச்சம். சல்ஃபைட்டை மொத்தமாக் கொட்டிட்டா மெட்டால் கரையாம அடம்பிடிக்கும். பட்டாசு மருந்து மாதிரி வெடிக்காதுதான். அதுக்காக ஆச்சியோட அடுப்படிக் கரண்டியத் தொடாத. ஆச்சி வெடிச்சா என்னால காப்பாத்த முடியாது.

செவப்பு பல்பு வாங்கி வச்சிருக்கியாம். சிவகாசி அச்சாபீஸ் இருட்டறையில அதைப் போட்டு லித்தோ ஃபிலிம் கழுவினாங்க, வாஸ்தவம். அந்த ஃபிலிமுக்குச் செவப்பு தெரியாது. உன் ரோலுக்கு எல்லா நிறமும் தெரியும். கையை நுழைக்கிற கறுப்புப் பைக்குள்ளதான் சுருள்ல ஏத்தணும். வேர்வைக் கை பட்டா ஃபிலிம் பாதியிலயே ஒட்டிக்கும். வீணாப்போன ரோல் ஒண்ண வச்சு, கண்ணை மூடிக்கிட்டுப் பழகு. கண்ணைத் தொறந்து செய்யுற வேலையே உனக்கு ஓடாது, அது வேற கதை.

ஹைப்போவுல ரோலோட நுனித்துண்டு ஒண்ணப் போட்டுப் பாரு. அது தெளியுற நேரத்துக்கு இரட்டிப்பு நேரம் ஃபிலிமைப் போடு. அலசி முடிச்சதும் கடைசி முங்கலுக்கு நம்ம உப்புத்தண்ணி வேண்டாம். காஞ்சதும் வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழும். கேன் தண்ணியில முக்கி, ஃபேன் போடாம, குளியலறைக்குள்ள தொங்கவிடு. அடிநுனியில ஒரு துணிக் கிளிப்பு மாட்டு. உபயோகிச்ச ஹைப்போவுல வெள்ளி கரைஞ்சு கெடக்கும். அதைக் கிணத்தடியிலயோ சாக்கடையிலயோ ஊத்தாத.

இன்னொண்ணு. முதல் ரோல்ல ஆச்சியை எடுக்காத. கம்மாக்கரை வேலிக்கருவையை எடு. எப்படிக் கழுவினாலும் அது சண்டைக்கு வராது.