டிரைவ் குமிழ் ஒன்பது மணியிலேயே நிக்கட்டும்லே

ஏலே பேராண்டி, உனக்குத் தெரிஞ்ச கார்டு நாலு: ஜி, டி, ஈ மைனர், சி. அந்த நாலை வச்சே சபையைப் பாட வச்சிட்டிருக்க, குறை சொல்லப்படாது. இப்ப அதுக்கு ஏழு பெடல் வேணும்னு உங்க அப்பன்கிட்ட பட்டியல் நீட்டியிருக்க. கார்டு ஒண்ணுக்குப் பெடல் ஒண்ணே முக்கால் வருது. கணக்குல நீ எங்கேயோ போயிட்ட.

உங்க அப்பன் அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளிட்டான். நான் பட்டிக்காட்டான். கொயர்ல ஹார்மோனியத்துக்குத் துருத்தி போட்டதைத் தவிர வேற சோலி தெரியாது. ஆனாலும் காது ரெண்டும் இன்னும் கேக்குது. அதை வச்சுச் சொல்லுதேன்.

பட்டியல்ல முதல் பேரு க்ளான் சென்டார். அமெரிக்காவுல பில் ஃபின்னகன்னு ஒருத்தர் 1994-ல விக்க ஆரம்பிச்ச ஓவர்டிரைவ் பெட்டி. மொத்தமே சுமார் 8,000 தான் செஞ்சாரு. இப்ப பழசு ஒண்ணு லட்சக்கணக்குல போகுது. நல்ல யோசனைதான். தோப்புல பாதியை வித்துருவோம், பெட்டியை வாங்கிருவோம், ஞாயித்துக்கிழமை கொண்டுபோயி கோயில் மிக்சர்ல நேரா சொருகிருவோம். நம்ம கோயில்ல கிட்டார் ஆம்ப் கிடையாதுங்கிறதை மட்டும் வசதியா மறந்துட்ட.

அந்த மறதிக்கு என்ன விலைன்னு கேளு. கிட்டார் ஆம்புக்குள்ள இருக்கிற ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல உள்ள சத்தத்துல பெரும்பகுதியை வெளியே விடாது. ஓவர்டிரைவ் கெளப்புற கூர்மையெல்லாம் அதுலதான் அடங்கும். மிக்சர் வழியா பெரிய ஸ்பீக்கருக்குப் போனா அடக்க ஆளில்லை. டின்னுக்குள்ள குளவி மாட்டுன மாதிரி கேக்கும். லட்ச ரூவா பெட்டின்னு குளவிக்குத் தெரியாது. அதனால ஓவர்டிரைவ் வாங்குறதுக்கு முன்னாடி, ஆம்ப் ஸ்பீக்கர் மாதிரியே அந்தக் கூர்மையை அடக்குற கேப் சிமுலேட்டர் வாங்கு. இல்லன்னா சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் ஒண்ணு வாங்கு. அதுக்குள்ள ஓவர்டிரைவ், டிலே, கேப் மூணுமே இருக்கும். ஆனா அதைப் போட்டோ பிடிச்சு ஸ்டேட்டஸ்ல வச்சா எடுப்பா இருக்காதுங்கிற உன் கவலையும் எனக்குப் புரியுதுலே.

ரெண்டாவது பேரு டியூப் ஸ்க்ரீமர். ஐபனெஸ் கம்பெனி 1979-ல கொண்டாந்த பச்சைப் பெட்டி. பேரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அது கீழ்ச் சத்தத்தைக் குறைச்சு, 720 ஹெர்ட்ஸ் பக்கம் நடுச் சத்தத்தைத் தூக்கிக் குடுக்கும். தனியா லீடு வாசிக்கிறவனுக்கு அது வரம். ரிதம் வாசிக்கிற நீ தூக்குனா, அதே நடுவுல யாரு நிக்கா தெரியுமா? பாடுற ஆளு. உங்க அத்தை ஆல்டோ பாடுறதும் அங்கதான், கீபோர்டுக்காரன் வலது கை மேயுறதும் அங்கதான். நீயும் போயி நெருக்கிட்டு நின்னா, பின் பெஞ்சுக்கு ஒரு வரியும் புரியாது. ரிதத்துக்கு நடுவைத் தூக்காத ஜாதியா பாரு: மார்ஷல் 1991-ல விட்ட ப்ளூஸ்பிரேக்கர் வழியில வந்தது, இல்லன்னா பாஸ் கம்பெனியோட 1995 ப்ளூஸ் டிரைவர். ரெண்டும் டிரைவைக் குறைச்சு வச்சா, கை மெதுவா விழுந்தா சுத்தமாவும், அழுத்தி விழுந்தா லேசாக் கரகரப்பாவும் பேசும்.

எவ்வளவு வைக்கணும்னு கேப்ப. நம்ம ஆராதனை எத்தனை மணிக்கு? ஒன்பது மணிக்கு. டிரைவ் குமிழும் அந்த ஒன்பது மணியிலேயே நிக்கட்டும். ரெண்டு மணிக்குத் திருப்பணும்னு கை துறுதுறுக்கும். அப்ப ஐயரு பிரசங்கம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுல தூங்குற நேரம்னு நெனச்சுக்கோ. மிச்ச ஏத்த இறக்கத்துக்குக் கிட்டார்லயே வால்யூம் குமிழ் ஒண்ணு இருக்கு. துட்டுக் குடுக்காம வந்ததுனால அது உன் கண்ணுல படலை. பெடலை மிதிக்கும்போது சத்தம் கூடப்படாது, குணம்தான் மாறணும். லெவல் குமிழை அப்படி ஒப்பிட்டு வை.

இன்னொண்ணு. டிரைவ் ஏற ஏற, ஒண்ணாச் சேந்து ஒலிக்கிற சுரங்களுக்கு நடுவுல நாம வாசிக்காத புதுச் சுரங்களும் மொளைக்கும். முழு கார்டு அடிச்சா சேறாகும்; அடிச் சுரமும் பஞ்சமமும் மட்டும் பிடிச்சா தாங்கும். தஞ்சாவூரு வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வழியில வந்த கீர்த்தனைன்னா அதுல ராகம் இருக்கு. சபையார் சுரத்தை வளைச்சு வளைச்சுப் பாடுவாங்க. அங்க உன் கரகரப்புக்கு இடமே இல்லை. அணைச்சுட்டு அடி. சங்கீதம் 150-ல நரம்பு வாத்தியம் சொல்லியிருக்கு, ஓசையுள்ள கைத்தாளமும் சொல்லியிருக்கு. ஓவர்டிரைவைப் பத்தி சங்கீதக்காரரு வாயே தொறக்கலை.

இப்ப டிலேக்கு வருவோம். இந்த ஆசை உனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியும். யூ2 குழுவுல எட்ஜ்னு ஒருத்தர், ஆரம்பத்துல மெமரி மேன்ங்கிற பெட்டியை வச்சு ஒரு வித்தை புடிச்சாரு. அவரு ஒரு சுரம் தட்டுவாரு. பெட்டி முக்கால் தாளம் கழிச்சு அதைத் திருப்பிச் சொல்லும். ரெண்டும் பின்னிக்கிட்டு ஓடும். 1987-ல ஜோஷுவா ட்ரீ ஆல்பத்தோட அந்த ஓட்டம் உலகம் பூரா போச்சு, பொறவு ஆராதனைப் பாட்டுக்காரங்க கையில விழுந்துச்சு. இன்னைக்கு எந்த ஸ்தோத்திரப் பாட்டைக் கேட்டாலும் முன்னிசையில அதுதான் ஓடுது.

ஆனா எட்ஜ் தட்டுனது ஒத்தைச் சுரம். நீயோ கை நிக்காம வீசி வீசி அடிக்க. நீ அடிக்கதையும் பெட்டி திருப்பிச் சொல்ல ஆரம்பிச்சா, ரெண்டு கோட்டிக்காரன் ஒரே நேரத்துல பேசுறான்னு அர்த்தம். டிலே வேணும்னா அடியைக் குறைக்கணும். கார்டை ஒரு தடவை தட்டிட்டு விடு. மிச்சத்தைப் பெட்டி பாத்துக்கிடும். ரெண்டு மூணு திருப்பலுக்கு மேல வேண்டாம்.

கணக்கு சுலபம்: 60,000-த்தைப் பாட்டோட பி.பி.எம்.-ஆல, அதாவது நிமிஷத்துக்கு எத்தனை தாளம்ங்கிற எண்ணால வகுத்தா ஒரு தாளத்துக்கு எத்தனை மில்லி செகண்டுன்னு வரும். அதுல முக்கால் எடு. 80-ல ஓடுற பாட்டுக்கு 750, முக்கால் 562. மெதுவாப் போற பாட்டு 72-ன்னா 833, முக்கால் 625. உன் பட்டியல்ல இருக்கிற எம்.எக்ஸ்.ஆர். கார்பன் காப்பி 600-க்கு மேல போகாது. அருமையான பெட்டிதான், நம்ம சபையோட வேகத்துக்குத்தான் எட்டாது. 6/8-ல வர்ற பாட்டுக்கு இந்த முக்கால் கணக்கே ஆகாது; மூணு மூணா நடக்கிற தாளத்துக்குள்ள நாலு நாலா வந்து இடறும். அங்க எய்த் நோட் அளவை நேரா வை.

இது எல்லாத்துக்கும் மேல, நம்ம சபை மெட்ரோனோம் பாத்துப் பாடுற சபை இல்லை. முதல் சரணத்துக்கும் கடைசிச் சரணத்துக்கும் நடுவுல வேகம் பைய இறங்கிரும். நீ வச்ச 562 அப்படியே நிக்கும், பெரியவங்க எல்லாம் பின்னாடி போயிருப்பாங்க. அதனாலதான் சொல்லுதேன், காலால தட்டி வேகம் மாத்துற டேப் டெம்போ இல்லாத டிலேயைத் தொடாத. பாஸ் டிடி-3 வாங்குனா, டேப் வசதியோட வந்த டிடி-3டி-ன்னு பாத்து வாங்கு. மெஞ்ஞானபுரம் மாதிரி உயரமான பெரிய கோயில்ல வாசிக்கக் கூப்பிட்டா டிலேயை வீட்டுலயே வச்சிட்டுப் போ. எதிரொலியை அந்தக் கட்டடமே இனாமாக் குடுக்கும்.

சொருகுற வரிசையில ஓவர்டிரைவ் முன்னாடி, டிலே பின்னாடி. மாத்திச் சொருகுனா திருப்பி வர்ற ஒலியெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கரகரக்கும். பவருக்கு ஒரே அடாப்டர்ல வாலு வாலா ஒயர் இழுக்காத. டிஜிட்டல் டிலே குடிக்கிற கரண்டு வேற. ஸ்ட்ரைமன் டைம்லைன் ஒண்ணே 300 மில்லி ஆம்பியர் கேக்கும். ஓவர்டிரைவுக்குப் பத்து இருபதே தாராளம். ரெண்டையும் ஒரே ஒயர்ல கட்டுனா, ஐயரு கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது உன் ஸ்பீக்கர் கீச்சுனு ஆமென் சொல்லும். தனித்தனி லைன் உள்ள சப்ளையா வாங்கு.

ஆக, ஏழு இல்லை, நாலு: மொதல்ல பவர் சப்ளை, பொறவு கேப் சிமுலேட்டர், அடுத்து டிரைவ் கொறைஞ்ச ஓவர்டிரைவ், கடைசியா டேப் உள்ள டிலே. மிஞ்சுற துட்டுக்குப் புதுக் கம்பி போடு. பழசுல துருப்பிடிச்சு ரொம்ப நாளாச்சு. வாசிக்கும்போது சபை பாடுறது உன் காதுல விழுதான்னு மட்டும் பாரு. விழுந்தா நீ சரியா வச்சிருக்க. விழலைன்னா ரெண்டு பெடலையும் அணைலே.